இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒரு கதவு

பினாங்கில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறவர்கள் எல்லாம் மலை ரயிலையும் பாம்புக் கோயிலையும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன். பாம்பு தூங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் பற்றி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, என் பெரிய மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே "அத்தை, இது கட்டுரைக்குத் தேவையா?" என்று கேட்கிறாள். எல்லாம் தேவைதான்.

என் மகள் மாலதி பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கே போனவள். பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பெண்ணுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் செய்து கொடுத்த தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு திருச்சியிலிருந்து நான் கிளம்பினேன்.

விமானம் இறங்கும்போது கீழே கடல் மட்டும்தான் தெரிந்தது. கடலிலேயே இறக்கிவிடப் போகிறான் என்று நினைத்து முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் என் கையைத் தட்டி ஏதோ சொன்னார். எந்தப் பாஷையோ, தைரியம்தான் சொன்னார்.

மாலதியின் வீடு சுங்கை பினாங்கில் அடுக்குமாடியில் இருந்தது. கொடி கட்ட இடம் இல்லாததால் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் மூங்கில் கழியை நீட்டி, அதில் துணி காயப்போடுகிறார்கள். கீழே நின்று பார்த்தால் கட்டடமே தேர் மாதிரி அசைகிறது. உறையூரில் ஒரு துண்டு பறந்துபோனால் மூன்று வீட்டில் கேட்கலாம். அங்கே எந்த மாடியில் போய்க் கேட்பது?

சம்பந்தியம்மா பாக்கியம் வாசலிலேயே நின்றார். "வாங்கோ வாங்கோ, களைச்சுப் போனியள். முதல்ல சாப்பிடுங்கோ" என்று இடியாப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப் பாலில் மஞ்சள் நிறமாக ஒரு சொதி. எனக்கு அது ரசமா, குழம்பா, பாயசமா என்று கடைசிவரை புரியவில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சமையலறையில் ஒரு சிக்கல் வந்தது. சம்பந்தியம்மா செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டில் மீன் சமைக்க மாட்டார். எனக்குத் திங்களும் வியாழனும் விரதம். இருவருமே நல்லவர்கள், விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் மனது நோகக் கூடாது என்று பார்க்கிறவர்கள். ஆகவே ஒருவருக்கு ஆகாத நாள் மற்றவருக்கும் ஆகாது என்று முடிவு செய்தோம். எங்கள் பெருந்தன்மையை நாங்களே மெச்சிக்கொண்டோம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாத்தியார். காலண்டரைப் பார்த்தார். மிச்சம் இருந்தது புதனும் ஞாயிறும். புதனன்று அவருக்குப் பள்ளியில் கூட்டம். ஞாயிறன்று காது குத்து. காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, தயிரைப் பிசைந்தார்.

சனிக்கிழமை மாலதி என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே சைக்கிள் ரிக்‌ஷாவில் நாம் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுகிறவர் பின்னால். எதிரே வரும் லாரியை நாம்தான் முதலில் சந்திக்கிறோம். திருச்சியில் ரிக்‌ஷாக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். அங்கே அந்த வசதி கிடையாது. மார்க்கெட் தெரு வந்ததும்தான் கண்ணைத் திறந்தேன். மல்லிகைப்பூவும், சேலைக்கடைப் பாட்டும், சாம்பிராணியும் வர, மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிறேனோ என்று இருந்தது.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அங்கே ஹமீது காத்திருந்தார். அவருடைய மாமா கடைதான் அது. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பம். மாலதியின் கம்பெனியை ஒட்டினாற்போல் இருக்கும் இன்னொரு கம்பெனியில் ஹமீது கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்க்கிறார். இரண்டு கம்பெனியையும் ஒரே வெள்ளைக்காரர் வாங்கிவிட்டார். நடுவில் இருந்த மதிலை இடித்து நடைபாதை போட்டாகிவிட்டது. இனி இரண்டு பக்கக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச வேண்டுமாம்.

தட்டில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பு, கறிக்குழம்பு, பருப்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றினார்கள். சனிக்கிழமை விலக்கு வீட்டுச் சமையலுக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், இப்படிக் கலந்ததில் எனக்குக் கை வரவில்லை.

"கலந்து சாப்பிடுங்கம்மா. தனித்தனியா சாப்பிட்டா இங்க ருசி தெரியாது லா" என்றார் ஹமீது. அங்கே பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' போடுவது வழக்கம்.

"எங்க புது வெள்ளைக்கார பாஸும் இப்படித்தான் நெனைக்கிறாரு. ரெண்டையும் கலந்து ஊத்தினா சரியாயிடும்னு" என்றாள் மாலதி.

"உங்க சட்டிக்கு மூடியே கிடையாது மாலதி. அதான் பயமா இருக்கு."

"உங்க சட்டிக்கு ஏழு மூடி. தொறக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்."

எனக்கும் விளங்கும்படி மாறி மாறிச் சொன்னார்கள். மாலதி பக்கத்துச் சட்டம், வாசலில் மட்டும் காவல். உள்ளே வந்துவிட்டால் நம் ஆள், எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஹமீது பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி ரகசியச் சொல், தனித் தரம். சூப்பர்வைசர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாது. அவர்களிடம்தான் வாடிக்கைக்காரர்கள் கொடுத்த, சிப் என்கிற சில்லுகளின் வரைபடங்கள் இருந்தன. அவை வெளியே போனால் கம்பெனியையே மூட வேண்டியதுதானாம். இரண்டு சட்டமும் அதனதன் வீட்டில் இத்தனை வருஷம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கின்றன.

"சரி, ரெண்டும் ஒண்ணானப்புறம் உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவங்க?" என்று கேட்டேன். குழம்பு ருசியாக இருந்த சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

ஹமீது தண்ணீர் குடித்தார். மாலதி மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"ஒரு செக்‌ஷன்தாம்மா இருக்கும். ஒரு மேனேஜர்தான். இணைப்பு நடக்கறதப் பாத்துட்டு பாஸ் சொல்லுவாரு" என்றாள்.

அன்று ராத்திரி அவளைப் பார்த்தேன். அந்த நாற்காலிக்காக ஆறு வருஷமாக உழைத்தவள். வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காது குத்துக்கு எடுத்து வைத்த பட்டுச் சேலைக்குப் பக்கத்தில், கம்பெனி கூப்பிட்டால் கத்தும் பேஜரையும் எடுத்து வைத்தாள்.

ஞாயிறன்று கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்தார். பேத்தி அவள் அப்பா மடியில். தாய்மாமன் மடிதான் முறை, என்ன செய்வது? ஊசி காதைத் தொடும் நேரத்தில் பேஜர் கீக்கீ என்று கத்தியது. பேத்தி அதைக் கேட்டுத் திரும்ப, ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். "தங்கச்சி, அத கொஞ்சம் அமுத்துங்க லா. காது ஒண்ணுதான் இருக்கு இந்தப் பக்கம்" என்றார். குத்தி முடித்ததும் மாலதி ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு பட்டுச் சேலையோடு கம்பெனிக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்து சொன்னாள். இரண்டு பக்கச் சட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்களாம். ஏதாவது ஒரு பக்கம் கூடாது என்றால் கூடாது, அவ்வளவுதான். போட்ட மாத்திரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ஹமீது பக்கம் மாலதி ஆட்களைத் தெரியாது என்றது. மாலதி பக்கம் ஹமீது ஆட்களை வெளியாள் என்றது. விமான நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரி, காகிதம் வராமல் வாசலில் நின்றதாம். அச்சடிக்கிற மிஷினுக்குக்கூட அனுமதி இல்லையாம்.

"நம்ம வீட்டு மீன் மாதிரி" என்றார் மாப்பிள்ளை. கோயிலுக்குப் போய்வந்த களைப்பில் அன்றும் யாரும் மீன் வாங்கவில்லை.

மாலதி சிரித்துவிட்டாள். "அதேதாங்க. ரெண்டு பேரு நல்லதும் சேந்து ஒருத்தருக்கும் சோறில்லாம ஆயிடுச்சு."

பாஸ் கோபித்துக்கொண்டு மறுபடி நாள் குறித்தார். இந்த முறை வேறு ஏற்பாடு. மாலதி பக்கம் ஒருவரை உள்ளே விட்டால் ஹமீது பக்கம் அதை நம்பிக்கொள்ளும். ஹமீது பக்கம் விட்டால் மாலதி பக்கம் நம்பும். ஒரு முறை கேட்டாகிவிட்டது, இரண்டாம் முறை எதற்கு? மரியாதையான ஏற்பாடாகத்தான் எனக்கும் பட்டது. மூன்று நாள் ராப்பகலாக வேலை செய்தார்கள். எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று ஹமீது போன் செய்து சொன்னார். யாருடைய பக்கம் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

பாஸ் பார்க்க வருகிற அன்று மத்தியானம், பேத்திக்குப் பாவாடைத் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போக நினைத்தேன். சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி. "தனியப் போவியளோ?" என்றார். ஏன், ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தனியாகப் போய்வருகிறவள் நான். கீழே பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். பஸ் பலகையில் எழுதியிருப்பது எனக்கு எந்த ஊரிலும் உதவாது. ஆட்களைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஒரு பஸ் வந்தது. தலையில் பூ வைத்த தமிழ்ப் பெண் ஒருத்தி ஏறினாள். பூ வைத்தவள் கடைத்தெருவுக்குத்தான் போவாள் என்று நானும் பின்னாலேயே போனேன்.

"ஏறுங்கம்மா, நேரமாச்சி" என்றார் டிரைவர்.

உள்ளே எல்லாம் பெண்கள். தமிழும் மலாயும் சீனமும் கலந்து கோழிக்கூடு மாதிரி சத்தம். ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"யாரு வீட்டு அம்மா நீங்க?"

"மாலதியோட அம்மா. கம்ப்யூட்டர் மாலதி."

"அட, மாலதி அக்கா அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க. ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?"

திருச்சியில் என்ன விலை, மலைக்கோட்டைக்கு எத்தனை படி என்று கேள்விமேல் கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். டிக்கெட் கேட்க ஒருவரும் வரவில்லை. நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

விழித்தால் பஸ் கம்பெனி வாசலில் நிற்கிறது. அது மத்தியான ஷிப்ட்டுக்கு ஆள் கொண்டுபோகும் கம்பெனி பஸ்ஸாம். வேலையாட்களின் அம்மா, மாமியார் எல்லாம் வழியில் சந்தை வரை ஏறிக்கொள்வது வழக்கமாம். அதனால் டிரைவர் கேட்பதில்லை. நான் எங்கே இறங்க வேண்டும் என்று பெண்கள் கேட்கவில்லை. மகளைப் பார்க்க வந்தவள் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வாசல் காவல்காரரை அங்கே ஜாகா என்பார்கள். ஜாகா பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தார், கதவு திறந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் நம் ஆட்கள்தானே.

சரி, வந்தது வந்தாயிற்று, மகளைப் பார்த்துவிட்டே போவோம் என்று இறங்கினேன். மாலதி எங்கே என்று கேட்டால், ஒருத்தி அந்தப் பக்கம் என்று நடைபாதையைக் காட்டினாள். பழைய மதில் இருந்த இடத்தில் இன்னொரு ஜாகா. நான் உள்ளிருந்து வருகிறவள் என்பதால் எழுந்து நின்று வணக்கம் வேறு வைத்தார். நானும் வைத்தேன். ஹமீது பக்கக் கட்டடத்துக்குள் மார்கழிக் குளிர். முந்தானையைப் போர்த்திக்கொண்டு, வெளியே வந்த ஒரு பையன் எனக்காகப் பிடித்துக்கொண்ட கண்ணாடிக் கதவு வழியாக நுழைந்தேன். உள்ளே மாலதியும் ஹமீதும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹமீது எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, இந்த ரூம்புக்கு நானே கார்டு இல்லாம வர முடியாது. எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸில வந்தேன்."

"வாசல்ல யாரும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? எல்லாரும் வணக்கம் சொன்னாங்க."

மாலதிக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, பாஸ் வர்ற நேரத்துல இப்படியா வந்து நிப்ப?" என்றாள். ஹமீதுதான் "விடுங்க லா, அம்மா குளிர்ல நடுங்கறாங்க, சூடா தே கொண்டுவரேன்" என்று தேநீர் வாங்க வெளியே போனார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து வந்த கதையைச் சொன்னேன். டிரைவர், பூ வைத்த பெண், முதல் ஜாகா, இரண்டாம் ஜாகா. திட்டப்போகிறாள் என்று இருந்தேன். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள். நடைபாதை வழியாகத் தன் பக்கத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், தனியாக அந்தக் குளிரில் யார் இருப்பது?

அங்கே ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. பெண்கள் வேலை செய்யும் வரிசைக்குத் தலைமாட்டில் ஒரு கம்ப்யூட்டர். காலை ஷிப்ட் சூப்பர்வைசர் தன் பெயரில் அதைத் திறந்து வைப்பாராம். மத்தியானம் மூடாமலேயே எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். மூடிவிட்டுப் போக நின்றால் பஸ் போய்விடும். அடுத்த ஷிப்ட்டில் வருகிறவள் அப்படியே தொடர்வாள். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள் என்பதால் வருஷக்கணக்காக ஒரு தப்பும் வந்ததில்லை. மாலதி போனபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து எதையோ தட்டினாள். திரையில் கோடு கோடாகக் கோலம் மாதிரி ஒரு படம் வந்தது.

"என்னடி இது?"

"ஹமீது பூட்டி வச்சிருக்கற வரைபடம்." அவள் குரல் அடங்கிவிட்டது. "இது காலைல போன சூப்பர்வைசர் பேருல தொறந்து கெடக்கு. எங்க பக்கம் விட்டாச்சுன்னா அவங்க பக்கம் கேக்காது. அந்த சூப்பர்வைசரேதான் வந்திருக்காங்கன்னு நம்பிடுது. நாங்க தனியா இருந்தப்ப இது பெரிய விஷயமே இல்ல. அவங்க தனியா இருந்தப்ப இது நடக்கவே நடக்காது."

எனக்கு முழுதும் புரியவில்லை. அவள் முகம் புரிந்தது. "இதச் சொன்னா?"

"எங்க பக்கத்து ஓட்டை. பாஸ் இன்னிக்கே முடிவு பண்ணிடுவாரு. நாற்காலி ஹமீதுக்குத்தான்."

"சொல்லலன்னா?"

"இன்னிக்கு எல்லாம் நல்லா ஓடும். யாருக்கும் தெரியாது."

நான் பெற்றவள். வேறு என்ன சொல்வேன்? "அப்ப இன்னிக்கு சும்மா இருந்துட்டு அப்புறமா மெதுவா அடச்சுக்கோயேன்" என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உன்னையே யாரும் நிறுத்தலையேம்மா. வேற யார நிறுத்தப் போறாங்க?" என்றாள்.

ஹமீது தேநீர்க் கோப்பையோடு எங்களைத் தேடி வந்தார். மாலதி நாற்காலியை விட்டு எழுந்து, திரையைப் பார்க்கும்படி வழி விட்டாள். அவர் பார்த்தார். கோப்பையை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க எனக்கு இதக் காட்டியிருக்க வேணாம்" என்றார் மெல்ல.

"பாஸுக்கும் காட்டப்போறேன்" என்றாள் அவள்.

பாஸ் நெட்டையான ஆள், மூக்கு நுனி மட்டும் சிவப்பு. மாலதி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் தலையைச் சொறிந்தார். பஸ்ஸைச் சொன்னாள். டிரைவர் பெயரைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று நான் முன்னாலேயே சத்தியம் வாங்கியிருந்தேன். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். ஹமீது ஒருவழியாகக் கையில் கொடுத்த தேநீரை நான் குடித்தேன். நல்ல தேநீர், ஆற்றி ஆற்றி நுரை பொங்க. இணைப்பைத் தள்ளிப்போட்டார். ஹமீதைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

அந்த ஒரு வாரமும் மாலதி வீட்டில் பாத்திரத்தை ஒரு தரம் தேய்க்க வேண்டிய இடத்தில் இரண்டு தரம் தேய்த்தாள். சம்பந்தியம்மா என்னிடம் கண்ணால் கேட்பார். நான் கையை விரிப்பேன். "வருத்தமா இருக்கா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "இருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் நான் தோண்டவில்லை. இரண்டு நாள் எங்கள் விரதத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாசார் என்கிற சந்தையில் வாங்கிய மீனைச் சம்பந்தியம்மா அவளுக்குப் பொரித்துப் போட்டார். வீட்டில் முதலில் தட்டோடு வந்தவர் மாப்பிள்ளைதான்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் ஹமீது மனைவியோடு வந்தார். பெரிய தூக்கில் பிரியாணி. உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேனேஜர் ஆகிவிட்டார் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. அவர் மனைவி எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள்" என்றாள் மாலதி. நல்ல குரலில்தான் சொன்னாள்.

"முழுசாக் கேளுங்க" என்றார் அவர். "பாஸ் கிட்ட நான் சொல்லிட்டேன். மாலதி பக்கம் எனக்குத் தெரியாது, என் பக்கம் அவங்களுக்குத் தெரியாது. நான் ஒருத்தனே ரெண்டுக்கும் சட்டம் போட்டா மறுபடியும் ஏதாவது ஓட்டை விழும், நானும் அதப் பாக்காம விட்டுடுவேன்னு."

புதிய ஏற்பாட்டைச் சொன்னார். இரண்டு வீட்டுச் சட்டமும் அதனதன் வீட்டில் இருக்கும். நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் பார்த்து அனுப்பியவர்களையும் இந்தக் கதவு மறுபடி யார் என்று கேட்கும். சூப்பர்வைசர் அக்காக்களும் ஷிப்ட் முடிந்தால் மூடிவிட்டுத்தான் எழ வேண்டும். அவர்கள் எல்லாம் "பஸ் போயிடும் லா" என்று மாலதியிடம் சண்டைக்கு வர, அவள் பஸ்ஸைக் கொஞ்சம் தாமதமாகக் கிளப்ப உத்தரவு வாங்கிவிட்டாளாம். கதவு வழியாகப் புதிதாக எது போக வேண்டுமென்றாலும் இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல வேண்டும். அந்தக் கதவுக்குப் பொறுப்பு மாலதி.

"மேனேஜர் நான்தான்மா" என்று ஹமீது என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா உங்க மக சரின்னு சொல்லாம நான்கூட எதையும் அந்தப் பக்கம் அனுப்ப முடியாது."

"லஞ்சம் வாங்க மாட்டேன்" என்றாள் மாலதி.

"பிரியாணி இருக்கே."

"அது வேற. மூடியத் தொறங்க."

எல்லோரும் சாப்பிட்டோம். அன்று என்ன கிழமை என்று யாரும் கேட்கவில்லை.

உறையூர் வந்த பிறகு தெருவில் நாலு பேர் கேட்டார்கள், மாலதி அங்கே மேனேஜராமே என்று. இல்லை என்றேன். அவர்கள் முகம் வாடியது. மேனேஜர் வேறு ஒருத்தர், ரொம்பத் தங்கமான பையன், ஆனால் அவர் கதவைத் திறக்க வேண்டுமென்றால் என் பெண்ணிடம் வந்து நிற்க வேண்டும் என்றேன். அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன், எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.